கைச்சூடு

"அந்தப் பழைய சட்டிய மட்டும் எடுத்துக்கிறேன் கங்காணி" என்றாள் ராசம்மா.

சங்கிலிக் கங்காணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விரட்டிவிட்ட மனைவி ஆட்டைக் கேட்பாள், காதுத் தோட்டைக் கேட்பாள், முடியாது என்று சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் தயாராக வைத்திருந்தவர் அவர். இவள் கேட்டதோ அடி கறுத்து, விளிம்பு நெளிந்த, வாயகன்ற ஒரு சட்டி.

"கொண்டு போ. அதுலயாச்சும் எதையாவது பொங்கித் தின்னு" என்றார். அதைப் பெருந்தன்மை என்று அவரே நினைத்துக்கொண்டார்.

புதுச் சேலையோடு வாசலில் நின்றாள் பவளம். பிள்ளை பெற வேண்டும் என்றே கங்காணி கொண்டுவந்த இரண்டாந்தாரம். ராசம்மா மலடி என்று அன்று காலை பெரட்டுக்களத்தில், ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போதே, தோட்டம் முழுக்கக் கேட்கும்படி அவர் சொல்லியாயிற்று. கொழுந்துக் கூடையோடு நின்று ராசம்மாவும் அதைக் கேட்டாள்.

மலடானது எப்படி என்று அவர் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் பதுளைக்குப் போய் எவளிடமோ வாங்கிவந்த வெட்டை நோயை வீட்டுக்காரிக்கும் பங்கு வைத்தவர் அவர்தான். பெனிசிலின் ஊசி தோட்டத்துக்கு வருவதற்குள் அவள் கர்ப்பப்பை கெட்டுப்போனது.

ஊசி போட்டு நோய் தீர்ந்தாலும் அவருடைய மூத்திரக் குழாயில் தழும்பு நின்றுவிட்டது. அது சும்மா கிடக்காது, கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி வழியை அடைக்கும். மாதம் ஒரு தடவை வளைந்த கம்பியை உள்ளே விட்டு அகலப்படுத்த வேண்டும். அதுவும் ஆயுள் முழுக்க.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் நாலு பேர் பார்க்க வேட்டியை அவிழ்க்கக் கங்காணியின் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அதனால் மருந்து கொடுக்கும் கனகரத்தினம் ஐயா ராசம்மாவுக்கே வேலையைக் கற்றுக்கொடுத்து, ஒரு கம்பியையும் கொடுத்தனுப்பினார். யாழ்ப்பாணத்துக்காரர், படித்துப் படித்துச் சொன்னார். "பலவந்தம் பண்ணக் கூடாது, பிள்ளை. ஊத்தை உள்ளுக்குப் போச்செண்டால் ஆள் தப்பாது."

அன்று முதல் ஒரு மாதம்கூட ராசம்மா தவறவிடவில்லை. கங்காணி கண்ணை இறுக மூடிக்கொண்டு பாயில் கிடப்பார். கம்பி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அது வெதுவெதுவென்று இறங்கும். "ஒன் கைச்சூடு நல்ல சூடு" என்று ஒரே ஒரு தடவை பாராட்டியிருக்கிறார். மறுநாளே குழம்பில் உப்புக் குறைந்தது என்று அறைந்தார்.

கிளம்புவதற்கு முன் ராசம்மா பவளத்தை உள்ளே கூட்டிப்போய்க் கம்பியைக் காட்டினாள். பெண்ணுக்கு முகம் வெளிறிப்போனது. கல்யாணப் பேச்சில் இதைப் பற்றி யாரும் வாய் திறந்திருக்கவில்லை.

"பயப்படாத புள்ள. இதப் பண்ணாட்டி அவருக்கு மூத்திரம் கட்டிக்கிட்டு உசுரு போயிரும்" என்றாள் ராசம்மா.

தேங்காயெண்ணெய் எவ்வளவு தடவ வேண்டும், எந்த இடத்தில் கையைத் தாழ்த்த வேண்டும், உள்ளே தடுத்தால் எப்படிப் பொறுத்திருக்க வேண்டும் என்றெல்லாம் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தாள். கம்பியை முந்தானையால் பளபளவென்று துடைத்துப் பவளத்தின் கையில் வைத்தாள். வீட்டை விட்டு விரட்டப்படுகிறவளுக்கு இவ்வளவு நல்ல மனசா என்று பவளத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

ராசம்மா சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பெரகலைக்குக் கீழே அண்ணன் வேலை செய்த தோட்டத்துக்கு நடந்தாள். லயத்து வீடுகளில் எல்லாரும் பார்த்தார்கள். ஒரு நெளிந்த சட்டிக்கு ஆசைப்படுகிறாளே என்று சிலர் இரக்கப்பட்டார்கள், சிலர் சிரித்தார்கள்.

கம்பி போடும் நாள் வந்தது. பவளம் கம்பியை எடுத்து எண்ணெய் தடவினாள். சொல்லிக்கொடுத்ததில் ஒன்றையும் விடாமல் செய்தாள்.

"என்னடி, பனிக்கட்டி மாதிரி இருக்கு?" என்று முனகினார் கங்காணி. புதுக் கை, பழகப் பழகச் சூடு வரும் என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் குளிர்காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது. அதற்கடுத்த நாள் உளறத் தொடங்கி, பவளத்தை ராசம்மா என்று கூப்பிட்டார். கனகரத்தினம் ஐயா ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, இரத்தத்தில் நஞ்சு ஏறிவிட்டது என்று கையை விரித்தார். தேயிலை லொறியில் போட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்புத்தளை மலை ஏறும்போதே மூச்சு நின்றுவிட்டது.

செய்தி வந்து சேர்ந்தபோது ராசம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பிசைவதை நிறுத்தவில்லை. அழுதது அவள் அண்ணன் மனைவிதான். என்ன இருந்தாலும் தாலி கட்டியவர், இவளைப் பிரிந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று மூக்கைச் சிந்தினாள்.

சாவு கேட்க நாலு பேர் வருவார்கள், தேத்தண்ணி கொடுக்க வேண்டும். அண்ணன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூலையில் கவிழ்த்து வைத்திருந்த சட்டியை எடுத்து அடுப்பில் ஏற்றப் போனாள்.

"அதுல தேத்தண்ணி வேணாம் மதினி" என்றாள் ராசம்மா. "மாசாமாசம் அவரு கம்பிய அவிச்ச சட்டி அது."