விமானிக்கு விரிக்கும் துணி

அடி வாங்கியவர் சந்திரமதியின் அப்பா கணேசமூர்த்தி. தப்புச் செய்தவர் சமது மாமா.

ஊரார் பார்க்க, விமானத் திடலில் வெயிலில் நிற்க வைத்து, ஜப்பான் ஆபீசர் அப்பாவை மாறி மாறி அறைந்தான். வேலையையும் பிடுங்கிக்கொண்டான். வேலையோடு அரிசியும் போயிற்று.

"நான் போய்க் கேக்கத்தான் போறேன்," என்று சந்திரமதி எழுந்தாள்.

"சும்மா இருடி. சமது பாய் சம்சாரம் அஸ்மா கண்ணை மூடி மூணு நாள்கூட முடியல. அந்த வீட்டு வாசல்ல போய் வழக்குப் பேசுவியா?" என்றாள் அம்மா.

"நம்ம வீட்டு அடுப்புல மட்டும் சோறு பொங்கி வழியுதாக்கும்!"

அப்பா வீங்கிய கன்னத்தோடு மூலையில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். "துணி தொலைஞ்சு போச்சும்மா. என் கவனக்குறைவு. விடு."

அடி வாங்கிய நாளிலிருந்து இதே பாட்டுத்தான்.

ஜப்பான் சண்டைக்கு முன்னால் அவர் போஸ்ட் ஆபீசில் தந்திக் குமாஸ்தா; ஊரார் வாயில் 'கிராணி'. அந்தப் பாவத்துக்கு ஜப்பான்காரன் அவரைப் பிடித்து விமானத் திடலில் ரேடியோ முன்னால் உட்கார வைத்தான். மேலே இருந்து விமானி கேட்பான். அப்பா, கற்றுக்கொடுத்த நாலு ஜப்பான் வார்த்தையில் பதில் சொல்வார். இரைச்சலில் பாதி போய்ச் சேராது.

அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ரேடியோ என்ன சொன்னாலும் சரி, தரையில் வெள்ளைத் துணி பெரிய கூட்டல் குறி போல் விரித்திருந்தால்தான் விமானம் இறங்கும். துணி இல்லையென்றால் கீழே ஏதோ ஆபத்து.

துணி விரிக்கிற வேலை அப்துல் சமதுக்கு. அதைப் பத்திரமாக வைக்கிற பொறுப்பு அப்பாவுக்கு.

அன்றைக்குச் சமது வரவில்லை. துணியும் இல்லை. விமானம் வந்து வட்டமடித்தது. "இறங்கலாம், இறங்கலாம்" என்று அப்பா தொண்டை கிழியக் கத்தினார். "துணி எங்கே?" என்று விமானி கேட்டது இரைச்சலில் அமுங்கிப்போனது. அப்பா விடாமல் கத்தக் கத்த, விமானிக்குச் சந்தேகம் முற்றியது. எதிரி எவனோ திடலைப் பிடித்துக்கொண்டு தன்னை ஆசை காட்டிக் கூப்பிடுகிறான் என்று நினைத்து, உள்ளே இருந்த பெரிய அதிகாரியோடு சிங்கப்பூருக்கே திரும்பிவிட்டான்.

"கிராணி துணியைக் கறுப்புச் சந்தையில தள்ளிட்டாராம்" என்று காஜா பெராங் வட்டாரம் முழுக்கப் பேச்சு. கிழங்கு வாங்கும் வரிசையில் பக்கத்து வீட்டுச் சீதா, "அப்பா வித்த துணிக்கு அரிசி எவ்ளோ கிடைச்சுது சந்திரமதி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். பட்டினியைத் தாங்கிக்கொண்ட சந்திரமதிக்கு அதைத் தாங்க முடியவில்லை.

சமது வீடு அடுத்த தெருவில்தான். நடக்க நடக்க, வேண்டாம் வேண்டாம் என்றாலும் பழைய ஞாபகம். ஜாலான் துக்காங் எமாஸ் கடைத்தெருவில் அவருக்கு ஜவுளிக்கடை இருந்த காலம்! தீபாவளிக்குப் போனால் அவளையும் தன் மகள் மஜீதாவையும் பலகைமேல் தூக்கி உட்கார வைத்து, ஆளுக்கொரு கலர் சோடா கொடுப்பார். துணிச் சுருளை ஓர் உதறு உதறினால் படபடவென்று விரியும். புதுத் துணி வாசனை தெருமுனை வரைக்கும் வரும். "என்ன கலர் வேணும், உத்தரவு போடுங்க மகாராணி!" என்பார். ஜப்பான்காரன் வந்த வாரமே அந்தக் கடையில் ஒரு நூல் மிச்சமில்லை.

மகாராணி இப்போது வாசலில் நின்றாள். சமது இடுப்பில் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"வாம்மா. உட்காரு."

"உட்கார வரல மாமா. சாக்குக் கட்டிக்கிட்டு நின்னா நம்பிடுவேனா? அந்தத் துணி எங்க?"

அவர் உள்ளே போகத் திரும்பினார்.

"நானே சொல்றேன். ஊர்ல செத்தவங்களைப் பாயில சுத்தி எடுத்துட்டுப் போற காலம் இது. அஸ்மா மாமி மட்டும் வெள்ளைத் துணியில போனாங்க. மஜீதாவே என்கிட்டச் சொல்லி அழுதா."

உள்ளே மஜீதாவின் விசும்பல் சட்டென்று நின்றது.

"மாமியைச் சுத்துற கஃபனுக்குத்தான் எடுத்தீங்க. சரி, அதை நான் குத்தம் சொல்லல. மாமி கையால நானும் சாப்பிட்டவதான். ஆனா எடுத்தவர் எடுத்தேன்னு சொல்ல வேணாமா? எங்கப்பா கன்னத்தை உங்களுக்கு என்ன குத்தகைக்கா விட்டிருக்கு?"

சமது அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசும்மா. தொலைஞ்சு போச்சுன்னா அடியோட விடுவான். எடுத்துக் குடுத்ததுன்னு தெரிஞ்சா தலையை வாங்கிடுவான்."

"உங்க தலை தப்பிக்க எங்கப்பா அடி வாங்கணுமா?"

"என் தலை இல்லம்மா." அவர் கதவில் சாய்ந்தார். "நான் அன்னிக்குத் திடல் பக்கமே போகல. விடிஞ்சதுலேருந்து வீடு வீடாத் துணி கேட்டு அலைஞ்சேன். ஊருக்கே துணி குடுத்தவன்... யார்கிட்ட இருக்கு, குடுக்க? வெறுங்கையோட திரும்பி வந்தா, இந்த வாசல்ல உங்கப்பா நிக்கிறார். கக்கத்துல அந்தத் துணி."

"எங்கப்பாவா?" என்றாள் சந்திரமதி.

"'பிளேன் வர்ற நாள் கிராணி, கொண்டு போயிடுங்க'ன்னு காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன். ரேடியோவுல பேசியே இறக்கிடுவேன்னார். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டார். உன்கிட்டக்கூட."

"பேசியும் இறங்கலேன்னா? அதைக் கேக்கலையா நீங்க?"

"கேட்டேம்மா. 'பிளேன் நாளைக்கும் வரும் பாய். அஸ்மா தங்கச்சிக்கு இன்னிக்கு ஒரு நாள்தான்'னார்."