முதல் ஊசி

“ஃபார்ம் இல்லாம இந்த மருந்து தர முடியாது டாக்டர்.”

மருந்தக ஜன்னலுக்கு வெளியே நின்ற பெரிய டாக்டர் சகாயநாதனின் முகம் சிவந்தது.

“எனக்கேவா?”

அவருக்குப் பின்னால் நாலைந்து இளம் டாக்டர்கள். எல்லார் கையிலும் அதே மருந்துக்கான சீட்டு. வேறு எதற்கும் அடங்காத கிருமிக்கென்று வைத்திருக்கும் கடைசி மருந்து அது. சாதாரணக் காய்ச்சலுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தால் நாளைக்கு அதுவும் கேட்காமல் போய்விடும். அதனால்தான் எந்தக் கிருமி என்று காட்டும் கல்ச்சர் ரிப்போர்ட்டோடு காரணத்தையும் எழுதித் தரவேண்டும் என்று இரண்டு மாதம் முன்பு விதி போட்டார்கள்.

எழுதினவர் ஒருவருமில்லை. மருந்தகப் பொறுப்பிலிருக்கும் பிரிஸ்கில்லா மறுத்தால் நிர்வாகத்துக்குப் போன் பறக்கும், மருந்து கைமாறிவிடும். “பெரிய டாக்டர் வந்தா இப்படிக் கேப்பீங்களா மேடம்?” என்று டாக்டர் அபி நேற்றுக்கூட நக்கலடித்தார்.

“பிரான்சுல இருவது வருஷம் இருந்துட்டு வந்தா எங்கிட்டயே சட்டம் பேசுவியா? உனக்கு ஊசி போட்ட கை இது!” சகாயநாதன் குரலை உயர்த்தினார்.

பிரிஸ்கில்லா அந்தக் கையைப் பார்த்தாள். உண்மைதான். நெல்லித்தோப்பு கிளினிக். ஊசி என்றதும் மேசைக்கடியில் ஒளிந்துகொள்ளும் ஆறு வயசு அவளுக்கு. டாக்டர் ஊசி மாட்டாத சிரிஞ்சை முதலில் தன் கையில் குத்திக்கொண்டு, “ஐயோ! அம்மா!” என்று ஊரே கேட்க அலறுவார். காத்திருக்கும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அப்புறம் ஒவ்வொன்றாய்க் கையை நீட்டும். அந்த ஸ்பிரிட் வாசனை இன்னும் மூக்கிலேயே இருந்தது.

“காரணம் எழுதிக் குடுங்க டாக்டர். உடனே தரேன்.”

“நிர்வாகத்துக்குப் போன் போடட்டா?”

“போடுங்க.”

சீட்டை ஜன்னல் பலகையில் விட்டெறிந்தார். “என் பேஷண்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் பொறுப்பு!”

விடுவிடுவென்று போய்விட்டார்.

பின்னால் நின்ற டாக்டர் அபி தொண்டையைச் செருமினார். “அவருக்கே கிடையாதாம்... ஃபார்ம் எங்க இருக்கு மேடம்?”

இன்னொருவர் தன் சீட்டைச் சத்தமில்லாமல் பாக்கெட்டில் செருகிக்கொண்டு நகர்ந்தார்.

ஜெயித்த மாதிரியே இல்லை அவளுக்கு. பொறுப்பு என்ற சொல் உள்ளே உறுத்தியது. சீட்டை எடுத்துப் பார்த்தாள். ‘ஆண்கள் வார்டு, பெட் 31.’

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினாள்.

“ரூபி, முப்பத்தொண்ணாம் பெட் பேஷண்ட் எப்படி இருக்கார்?”

நர்ஸ் ரூபி சிரித்தாள். “இன்னாக்கா ஆச்சு உனக்கு? இந்த வார்டுல மொத்தமே முப்பது பெட்டுதான்.”

பிரிஸ்கில்லா கையிலிருந்த சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லாத பேஷண்டுக்காக, அத்தனை டாக்டர்கள் முன்னால் அவர் கேட்டு வாங்கிக்கொண்ட மறுப்பு.

இந்தத் தடவையும் முதல் ஊசியை அவர் தனக்கேதான் குத்திக்கொண்டிருந்தார்.