கண் வைக்காத கிளி

பதின்மூன்று வட்டங்கள்.

இடப்பக்கம் ஏழு. வலப்பக்கம் ஆறு. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு முகத்தைப் பொருத்தினாள். தாய்மாமன்மார், பெரியப்பா, சித்தப்பா, சித்திமார். நடுவில் தலை நிறையப் பூவோடு நிவேதிகா. மஞ்சள் நீராட்டு விழா, வருகிற ஞாயிறு.

கீழே பெண்ணின் அப்பா பெயர். மலைக்கண்ணன்.

அவளுடைய தம்பி.

காலையில் வாட்ஸப்பில் வந்த படங்களைத் திறந்தபோதுதான் அவன் வீட்டு விழா என்று தெரிந்தது. அவனுக்கு முன்தலையில் முடி கொட்டியிருந்தது. ஃப்ளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று அவனுக்குத் தெரியாது.

உறவுகளின் பட்டியலை இரண்டு தடவை பார்த்தாள். மூன்றாவது தடவையும் பார்த்தாள், வெட்கங்கெட்டவள். அத்தை என்று ஒரு வரி இல்லை.

சடங்கு வீட்டில் அத்தை இல்லாமல் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? யாராவது ஊற்றுவார்கள். பதினாறு வருஷமாக அவள் இல்லாமல் அந்த வீட்டில் எது நின்றது?

சாதி மாறிக் கட்டிக்கொண்டு போனவள். கட்டிக்கொண்டவரும் போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்துவிட்டார். வேலை கேட்டு வந்த அன்றைக்கு, கூடப்பிறந்தவங்க யாராச்சும் உண்டா என்று கடைக்கார அண்ணாச்சி கேட்டார். யாருமில்லை என்று சொன்னாள். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இப்போது பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார்.

"அந்த வலது மூலை மொட்டையா இருக்கும்மா. பூவு கீவு ஏதாச்சும் போட்டு நிரப்பிவிடு."

ஏழாவது வட்டம் இருந்திருக்க வேண்டிய இடம்.

அவள் பூ போடவில்லை.

ஒரு வட்டம் வரைந்தாள். அதன் மேல் பாதி ஏறினாற்போல இன்னொரு வட்டம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டாள். ஓர் இலை கிடைத்தது. அது சிறகு.

சின்ன வட்டம், தலை. நீள்வட்டம், உடம்பு. இரண்டையும் ஒட்டவைத்தாள். நடுவிலிருந்த கோடு போய்விட்டது. இன்னொரு வட்டத்தை எடுத்து, வேறொரு வட்டத்தால் கொஞ்சம் வெட்டினாள். பிறை மாதிரி மிஞ்சியது மூக்கு. ஒரு நீள முக்கோணம், வால்.

வாலை மேல்நோக்கித் திருப்பினாள்.

எந்தக் கிளிக்கு வால் மேலே நிற்கும்? ஒன்றே ஒன்றுக்குத்தான் நின்றது.

சின்ன வயசில் கொல்லைச் சுவரில் அம்மாவின் வளையலை வைத்துக் கரித்துண்டால் சுற்றிக் கிளி வரைவாள். எத்தனை தடவை வரைந்தாலும் வால் மேலே போய்விடும். இது கிளியா கோழியா என்று அம்மா சிரிப்பாள். நானும் நானும் என்று தம்பி காலைக் கட்டிக்கொண்டு அழுவான். ஐந்து வயசு. அவனுக்கு என்ன வரையத் தெரியும்? இடுப்பில் தூக்கிக்கொள்வாள். கரி தொட்ட கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்குவான்.

கண்.

மீசை முளைத்த பிறகும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. கிளி அவளுடையது. கண் மட்டும் அவன் வேலை.

உடம்புக்குப் பச்சை நிரப்பினாள். மூக்குக்குச் சிவப்பு. கண் இருக்க வேண்டிய இடத்தை அப்படியே விட்டாள்.

காலையில் படங்கள் வந்த எண்ணுக்கே அனுப்பினாள்.

இரண்டு டிக்கும் நீலமாயின.

இந்த வயசில் இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தெரியாமலா போகும் அவனுக்கு? தெரிந்தாலும் என்ன செய்துவிடப் போகிறான்?

தண்ணீர் குடித்தாள். பாட்டிலை மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"எல்லாம் ஓகே. கிளிக்குக் கண்ணு விட்டுப்போச்சு. போட்டு பிரிண்ட் குடுங்க."

அவ்வளவுதான்.

போட்டு. குடுங்க. எந்தக் கடைக்கும் சொல்வதுதான்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணாச்சி பக்கத்திலேயே இருந்தார். விழுங்கிக்கொண்டாள்.

கண்ணுக்கு என்ன பெரிய வேலை? வெள்ளையில் ஒரு வட்டம், உள்ளே கறுப்பில் ஒரு வட்டம். மௌஸைப் பிடித்த கை நகரவே இல்லை. ஒருவழியாக வரைந்து முடித்தாள்.

கிளி அவளைப் பார்த்தது. யார் வீட்டுக் கிளியோ.

பிரிண்டுக்கு அனுப்பப் போனாள்.

அதே எண்ணிலிருந்து இன்னொன்று வந்து விழுந்தது.

"மொதல்ல வந்த மெசேஜ் எங்க வீட்டம்மா போட்டது. கண்ணு போட வேணாம். அத நான் வச்சுக்கிறேன்."

திரும்பப் படித்தாள். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

அவன் இன்னும் ஏதோ எழுதுகிறான் என்று திரை காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது. நின்றது.

காத்திருந்தாள். வேறொன்றும் வரவில்லை.

கண்ணின் இரண்டு வட்டங்களையும் அழித்தாள். பிரிண்ட் கொடுத்தாள்.

மெஷின் ஓடத் தொடங்கியது. ஃப்ளெக்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அண்ணாச்சி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அய்யய்யோ! ஏம்மா, கிளிக்குக் கண்ணு இல்லாமப் போகுதே! நிப்பாட்டு, நிப்பாட்டு!"

அவள் எழுந்திருக்கவில்லை.

"ஓடட்டும் அண்ணாச்சி. எங்க தம்பி வச்சுக்கிருவான்."