சாயந்தரம் வந்துடும்

நாடுகளின் வரிச் சண்டை முற்றியதும் போன் கம்பெனி தன் தொழிற்சாலையைத் தூக்கிக் கப்பலில் வைத்துவிட்டது. எந்த நாட்டுச் சரக்குக்கு வரி ஏறுகிறதோ, அந்த நாட்டுக் கடலைவிட்டு நங்கூரத்தை எடுத்துவிடுவார்கள். அவ்வளவுதான் சூட்சுமம்.

கப்பல் எண்ணூருக்கு எதிரே நின்றபோது பிலோமி வேலைக்குச் சேர்ந்தாள். கைக்குழந்தைக்கு ஒரு பக்கத்துப் பாலைக் கொடுத்துவிட்டு, மறுபக்கத்தைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொண்டு படகேறினாள். அன்று மத்தியானம் எங்கோ ஒரு தலைவருக்குக் கோபம் வந்தது.

"இன்னா சார், கரையக் காணோம்?"

"கரை அங்கியேதாம்மா கீது. நாமதான் கெளம்பிட்டோம்," என்றார் சூப்பர்வைசர்.

அந்த வாரம் முழுக்க அவள் பாலைக் கடலில் பீய்ச்சினாள். போன துறைமுகங்களில் எல்லாம் அவள் எந்த நாட்டுச் சரக்கு என்று தகராறு. யாரும் இறங்க விடவில்லை.

சில வருஷங்கள் கழித்து ஒருவழியாகக் கப்பல் எண்ணூர் திரும்பியது. வீட்டு வாசலில் பாவாடை கட்டிய சிறுமி ஒருத்தி நின்றாள். அப்பன் தினமும் சொல்லிவைத்ததை அவள் மறக்கவில்லை.

"வாங்க, குந்துங்க. அம்மா கப்பலுக்குப் போயிருக்கு, சாயந்தரம் வந்துடும்," என்று சொம்புத் தண்ணீரை நீட்டினாள்.

பிலோமி வாங்கிக் குடித்துவிட்டு, சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள்.