எல்லிஸ் சொன்ன வாக்கியம்

“என் அண்ணனை நான் கொல்லப் போகிறேன்” என்றான் எல்லிஸ், மெதுவாக, க்ளிங்கான் மொழியில்.

டேட்டனில் தன் சமையலறையில் கணினிக்கு முன்னால் காபியோடு உட்கார்ந்து, இணையத்தில் அவனுக்கு அந்த மொழியைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த லோரெட்டா சிரித்துவிட்டாள். சினிமாவில் வரும் விண்வெளிப் போர்வீரர்கள் பேசுவதற்கென்று உருவாக்கிய மொழி அது. புதிதாகக் கற்க வருகிறவர்கள் எல்லோரும் சீக்கிரமே யாரையாவது கொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

எல்லிஸ் வேறு ஊரில், டொலீடோவில், அண்ணன் கர்ட்டின் வீட்டில் இருக்கிறான். முப்பது வயதாகியும் அண்ணன் குரலைக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். “என்னடா, மறுபடி குரைக்க ஆரம்பிச்சிட்டியா?” என்று ஞாயிறு வகுப்பில் கர்ட் பின்னாலிருந்து கத்துவதை லோரெட்டா பலமுறை கேட்டிருக்கிறாள்.

எல்லிஸை விட்டுப் போகாத தவறு ஒன்று உண்டு. வினைச்சொல்லுக்கு முன்னால் ‘வி’ வந்தால் ‘நான் அவனை’. ‘மு’ வந்தால் ‘அவன் என்னை’. அவன் இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுவான். இன்று முதலில் பூனையை வைத்துச் சொன்னவை சரியாகவே வந்தன. பூனை என்னைப் பார்க்கிறது, நான் பூனையைத் தேடுகிறேன்.

“ம், அப்புறம்? இன்னும் சொல்லு” என்றாள் லோரெட்டா.

“என் அண்ணனை நான் அடித்தேன். அவனை நான் கட்டினேன்.”

சொல்லிவிட்டு எல்லிஸ் சட்டைக் கையை அவசரமாக இழுத்துவிட்டான். அதற்குள் மணிக்கட்டில் இருந்த சிவப்புக் கீறல்களை லோரெட்டா பார்த்துவிட்டாள்.

அவள் சிரிப்பு நின்றது. மனதுக்குள் ‘வி’யை எடுத்துவிட்டு ‘மு’வைப் போட்டுப் பார்த்தாள். அண்ணன் என்னை அடித்தான். என்னைக் கட்டினான். என்னைக் கொல்லப் போகிறான்.

கர்ட்டுக்குத் தெரியாத மொழி இது ஒன்றுதான். அதனால்தான் இதில் சொல்கிறான். லோரெட்டா முகத்தை மாற்றிக்கொள்ளாமல் அதே மொழியில் கேட்டாள்.

“உன் அண்ணன் எங்கே?”

“கீழே.”

“கத்தி ஏதாவது?”

“இருக்கிறது.”

“உடனே வெளியே போ.”

“போக மாட்டேன்” என்றான் எல்லிஸ். ‘முடியாது’ என்பதைத்தான் பாவம் அப்படிச் சொல்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. கதவைப் பூட்டியிருப்பான் அந்தப் படுபாவி.

“ஒரு நிமிஷம் இருப்பா, நாய் குரைக்குது” என்று ஆங்கிலத்தில் சொல்லி ஒலியை நிறுத்தினாள். மேசைக்கு அடியில் தொலைபேசியை வைத்துக்கொண்டு டொலீடோ போலீசை அழைத்தாள். கிறிஸ்துமஸுக்கு அவனுக்கு ஓர் அகராதி அனுப்பியிருந்ததால் விலாசம் நினைவிருந்தது. தெருப் பெயரைச் சொல்லும்போது நாக்கு இரண்டு தரம் குழறியது.

ஒலியைத் திரும்ப வைத்துப் பாடம் நடத்தினாள். எண்கள், கிழமைகள், வாய்க்கு வந்ததெல்லாம். எல்லிஸ் அடிக்கடி கீழ்த்தளத்துக் கதவைத் திரும்பிப் பார்த்தான். ஒருமுறை எழுந்துகூட விட்டான்.

“உட்காரு கண்ணு. எங்கயும் போகாத, என்கூடவே இரு” என்றாள். அவன் தயங்கி, மறுபடி உட்கார்ந்தான்.

எல்லிஸின் வீட்டு வாசல் கதவு இடிபட்டது. சீருடையில் இருவர் நுழைந்தார்கள். ஒரு பெண் போலீஸ் எல்லிஸின் தோளில் கை வைத்து, “பயப்படாதீங்க, இனிமே உங்கள யாரும் தொட முடியாது” என்றாள். இன்னொருவர் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினார்.

லோரெட்டா ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டாள். சண்டைச் சத்தம் எதுவும் வரவில்லை. சற்று நேரத்தில் கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது.

“ஆம்புலன்ஸ் கூப்பிடு. இங்க ஒருத்தரக் கட்டிப் போட்டிருக்கு. அடி பலம்தான், ஆனா உயிர் இருக்கு.”

பெண் போலீஸின் கை அவன் தோளிலிருந்து சட்டென்று விலகி இடுப்பில் இருந்த துப்பாக்கிக்குப் போனது.

எல்லிஸ் திரையை நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை. மதிப்பெண் குறைந்துபோன பிள்ளையின் வருத்தம்தான் இருந்தது.

“இன்னிக்கு நான் தப்பே விடலையே, லோரெட்டா.”