குடைக்குள் கொஞ்சம் இருட்டு

அந்த அம்மா மூன்றாவது முறையாக விளக்கைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்.

"நல்லா எரியுது தம்பி. அதான் பிரச்சினை."

சுவிட்ச் விளக்கை வாங்கி மேஜைமேல் வைத்தான். சுவிட்ச் என்பது விளக்குக் கடையில் அவனுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். ஆள் உள்ளே வந்தால் அவன் சிரிப்பு எரியும், போனால் அணையும். இன்று எரியவே மறுத்தது. இன்னொரு விளக்கு திரும்பி வந்தால் உன்னைக் குடோனுக்கு அட்டைப்பெட்டி ஒட்ட அனுப்பிவிடுவேன் என்று முதலாளி காலையில்தான் சொல்லியிருந்தார்.

அந்த அம்மா கேட்டது என்னவோ சின்ன விஷயம்தான். வீட்டுக்குப் பின்னால் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, மேலே பெரிய குடை. அதன் கீழே அவரும் வீட்டுக்காரரும் இருட்டும் நேரத்தில் சாப்பிட ஒரு விளக்கு. முதலில் குடைக் கம்பிகளில் சுற்றும் சரவிளக்கைக் கொடுத்தான். கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது என்று திரும்பி வந்தது. அடுத்து, குடையின் காலில் கவ்விக்கொள்ளும் வட்ட விளக்கு. ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கிறதாம். இப்போது வெயிலில் சார்ஜ் ஆகும் விளக்கும் வந்துவிட்டது.

கடை நடுவில் காட்சிக்கு இருந்த குடையை விரித்தான். ஷட்டரைப் பாதி இறக்கி இருட்டாக்கி, வேறொரு விளக்கை மாட்டினான்.

"எதிர்ல உக்காருங்க தம்பி. விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி முகத்தை வெச்சுக்குங்க."

"எதுக்குங்க?"

"வெச்சுக்குங்களேன்."

முதலாளியை நினைத்துக்கொண்டான். முகம் தானாகவே அப்படி ஆனது.

"தெரியுது. வேற எடுங்க."

ஏழு விளக்குக்கு ஏழு முறை முகத்தைக் கோணினான். கன்னம் வலித்தது. கல்லாவில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேலைவெட்டி இல்லாதவர்களுக்குப் பொழுதுபோக நாம்தான் கிடைத்தோம் என்று உள்ளுக்குள் பொருமினான்.

எட்டாவது, யாரும் சீண்டாமல் தூசி படிந்து கிடந்த ஒரு குட்டி விளக்கு. கீழ்நோக்கி மட்டும் எரியும். தட்டு தெரியும், எதிரில் இருப்பவர் நிழலாகத்தான் தெரிவார்.

"இதைத்தான் தேடினேன்" என்றார் அந்த அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வீட்டுக்காரர் ஆறு மாதம் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். இப்போதுதான் சமையலில் இறங்கியிருக்கிறாராம்.

"வாயில வைக்க முடியலை தம்பி. ஆனா மனுஷன் சிரிச்ச முகமா பரிமாறுறார். நல்லா இருக்குன்னு வாய் சொல்லிடுது. இந்த முகம்தான் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

சுவிட்சுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெட்டியை அவனே தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்க் கொடுத்தான்.

மறுநாள் ஒரு பெரியவர் அதே பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். சுவிட்சுக்குக் குடோனின் பசை வாடை மூக்கில் ஏறியது.

"நேத்து எங்க வீட்ல வாங்கிட்டு வந்தாங்க. என் பக்கம் கொஞ்சம் வெளிச்சம் விழுது. இதைவிட மங்கலா ஏதாவது இருக்கா தம்பி?"

"இதுக்கு மேல மங்கல்னா இருட்டுதான் சார்."

பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குடைக்குக் கீழே போய் உட்கார்ந்தார். விளக்கை மாட்டச் சொல்லிவிட்டு, முகத்தை விளக்கெண்ணெய் குடித்த மாதிரி வைத்துக்கொண்டார்.

"தெரியுதா?"

"ஏன் சார் கேக்கறீங்க?"

"என் சமையலை என்னாலயே முழுங்க முடியலை தம்பி. ஆனா அவ பாவம், ஆசை ஆசையா சாப்பிடறா. என் மூஞ்சியைப் பாத்துட்டா, கஷ்டப்பட்டு நீங்க சமைக்க வேணாம்னு சொல்லிடுவா. அப்புறம் அவளுக்கு அந்த ஒரு சந்தோஷமும் போயிடும்."