மக்கள்தொகை: நானூற்று ஒன்று

"மூணு பக்கமும் ஏரி. வலையோட வந்த ஏழு குடும்பம் உண்டாக்கின ஊர். எழுதிட்டியா?" குடையை ஊன்றியபடி கேட்டார் ஊர்த் தலைவர்.

"எழுதிட்டேங்க" என்றார் பெயிண்டர், ஊர்ப் பலகை முன் ஏணியில் நின்றபடி.

"கீழே மக்கள்தொகை நானூற்று ஒண்ணுன்னு பெருசாப் போடு. நானூறுக்குக் கீழே போனா பஸ்ஸை நிறுத்திடுவாங்க. அப்புறம் பிரசவத்துக்குக்கூடப் படகுலதான் போகணும்."

பெயிண்டரின் பிரஷ் வழுக்கியது. கடைசி எழுத்து கோணலாக விழுந்தது.

"வீட்டைப் பூட்டிட்டு டவுனுக்கு ஓடுறவங்களை நெனச்சாலே வயிறு எரியுது. உன் வீட்டுல மூணு பேர் இருக்கப்போயி ஊர் பொழச்சுது. நீ தங்கம்ப்பா!"

பெயிண்டர் திரும்பிப் பார்க்கவே இல்லை. எதற்கென்று சொல்லாமலே, "மன்னிச்சுக்குங்க" என்று முணுமுணுத்தார். கோணல் எழுத்துக்காக என்று நினைத்துத் தலைவர் சிரித்தார்.

ஊரே உண்டு உறங்கும் மத்தியானத்தில், ஏரிக்கரைக்குப் பின்னால் மறைவாக லாரி ஒன்று நின்றது. பெயிண்டர் மனைவியையும் மகளையும் மூட்டை முடிச்சுகளோடு அங்கே கூட்டி வந்தார்.

"ஏங்க, உள்ள யார் சாமானோ இருக்கே!" என்றாள் மனைவி.

"இன்னொரு வீடும் டவுனுக்குத்தான் போகுது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றார் டிரைவர்.

பெயிண்டர் தார்ப்பாயை விலக்கினார். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே, தன் மனைவியின் அருகில், குடையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார் தலைவர்.

பெயிண்டர் மனைவியையும் மகளையும் ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டார். லாரி கிளம்பியது.

"பெயிண்ட் காஞ்சிருக்குமா?" என்று தலைவர் மெல்லக் கேட்டார்.

"இன்னும் ஈரமாத்தாங்க இருக்கும்."

லாரி ஊர்ப் பலகையைத் தாண்டியபோது இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.